சிங்கி கூண்டின் மேல்வலையில் ஏறி நின்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

உயிர்ச் சிங்கி இறால் வாங்கிக் கூண்டில் போட்டு வைத்து விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, தனியாக இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எனக்கு நடந்தபோது இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. ஊர்ப் பெரியவர்களுக்குக் கடல் தெரியும், கூண்டு தெரியாது. கூண்டு செய்து கொடுத்தவருக்குக் கூண்டு தெரியும், எங்கள் கடல் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில், 2022 ஆவணியில் ஒரே ராத்திரியில், என் கையை விட்டு மூன்று லட்சத்துக்கு மேல் போனது.

உவரிக்கும் கூட்டப்புளிக்கும் நடுவில் உள்ள ஒரு கரையூர் எங்களுடையது. வீட்டுக்காரர் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். மாமனார் காலத்தில் இருந்தே எங்கள் வீட்டில் சிங்கி வியாபாரம் உண்டு. விடியக்காலம் வள்ளங்கள் கரையேறும்போது, வலையில் இருந்து கழற்றிய சிங்கியை எடை போட்டு வாங்கி அன்றைக்கே கம்பெனி வண்டியில் ஏற்றிவிடுவோம். ஏற்றுமதிக்குச் சாதாரணச் சிங்கி 200 கிராமுக்கும், பெரிய சாதிச் சிங்கி 500 கிராமுக்கும் குறையக் கூடாது என்பது 2003இல் இருந்து மத்திய அரசு விதி. முட்டை சுமந்தது வந்தால் நாங்கள் வாங்குவதில்லை, கடலில் விடச் சொல்லிவிடுவோம். சிக்கல் எல்லாம் ஓடு உரித்த சிங்கியில்தான். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு இறுகும்வரை அதன் உடம்பு மெத்தென்று இருக்கும். மரத்தூளில் பொதிந்து பெட்டியில் அடைத்து அனுப்பும் பயணத்தை அது தாங்காது. அதனால் பாதி விலைதான் தருவார்கள். அதையே கொஞ்ச நாள் கூண்டில் விட்டுச் சிப்பிச் சதை போட்டு வைத்திருந்தால் ஓடு இறுகி முழு விலைக்குப் போகும். விலை இறங்கியிருக்கும் வாரங்களில் நல்ல சிங்கியையும் அப்படியே நிறுத்தி வைக்கலாம்.

இதை நம்பித்தான் நகைகளை வங்கியில் வைத்து இரண்டரை லட்சம் எடுத்தேன். கம்பெனி வியாபாரி ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்தார், சேர்கிற சிங்கி முழுவதையும் அவருக்கே தர வேண்டும் என்ற பேச்சில். கையில் இருந்த சேமிப்பையும் போட்டுக் கம்பிக் கூண்டு நான்கு செய்தேன். எங்கள் பக்கம் திறந்த கடல், அலை கரையில் அறைந்து உடையும். கூண்டு நிற்கக்கூடிய ஒரே இடம் கருங்கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் உள்பக்கம்தான். எல்லோரும் அங்கேதான் போடச் சொன்னார்கள், நானும் அங்கே போட்டேன். வள்ளக்காரர்களுக்கு எழுபதாயிரம் முன்பணம் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஆடியில் கச்சான் காற்று பேய்த்தனமாக அடித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் என்று காற்றாலைகளை எல்லாம் சுற்றவிட்டுக் கடலில் இறங்குகிற காற்றுதான் இது. கரையில் காலை நனைத்தால் தண்ணீர் வெடவெடவென்று குளிர்ந்தது. ஆடிக் கடல் குளிரும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஏன் குளிர்கிறது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் காற்று கரையோரத்து மேல்தண்ணீரை வெளிக்கடலுக்குத் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துத் தண்ணீர் மேலே ஏறி வருகிறது. ஆழத்துத் தண்ணீர் குளிர்ந்தது, பாசிக்கும் நுண்ணுயிருக்கும் வேண்டிய உரச்சத்து நிறைந்தது. சாளையும் நெத்திலியும் ஆடி, ஆவணியில் கரையோரம் கூட்டம் கூட்டமாக வருவது இதனால்தான். எங்கள் கரை இத்தனை தலைமுறை சோறு தின்றது அந்தத் தண்ணீரை நம்பித்தான். ஆனால் அதே தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அடியில் வெகு நாள் வெளிச்சமும் காற்றும் படாமல் கிடந்த தண்ணீர் அது. ஓடித் தப்பக்கூடிய மீனுக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை. கூண்டுக்குள் அடைத்து வைத்த உயிருக்குத் தப்ப வழி ஏது?

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு எச்சரிக்கை. முதலில் சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், வந்தது. வலை முழுக்கச் சொறி, கை வைத்தால் அரிப்பு. வள்ளக்காரர்கள் வலையை உதறிக் கழுவவே பாதி நாள் போனது. அப்புறம் காற்று சட்டென்று விழுந்துவிட்டது. பொதுவாகக் கச்சான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தணியும். அந்தத் தடவை ஆவணி நடுவில் காற்றே இல்லை, நல்ல வெயில், கடல் அசையாமல் கிடந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், தொழிலுக்குப் போக வசதி என்று. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. வளைவின் உள்பக்கம் கீரை வேகவைத்த தண்ணீர்போலப் பச்சையாக, கொழகொழவென்று. ராத்திரி துடுப்பால் தண்ணீரைக் கலக்கினால் நீல நிறத்தில் மினுங்கியது. பிள்ளைகள் கல்லை விட்டெறிந்து அதைப் பார்த்து ரசித்தார்கள். நானும் போனில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன்.

அதே நாட்களில் கூண்டில் போட்ட சிப்பிச் சதை மறுநாளும் தின்னாமல் அப்படியே கிடந்தது. ஓடு உரிக்கப் போகும் சிங்கி தீனி எடுக்காது என்பதால் அதற்குத்தான் இருக்கும் என்று கூண்டு பார்க்கும் தம்பி சொன்னான். ஒன்றிரண்டு தின்னாவிட்டால் சரி, நான்கு கூண்டிலும் ஒன்றுகூடத் தின்னவில்லை என்றால் அது வேறு விஷயம் என்பதை இப்போது அறுதியிட்டுச் சொல்வேன். அன்றைக்குச் சாயங்காலம் கரையோரத்துக் கல்லிடுக்குகளில் பாம்புபோல நீண்ட அஞ்சாளை மீனும் விலாங்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அடியில் மணலோடு ஒட்டிக் கிடக்கும் நாக்கு மீனைப் பிள்ளைகள் கையாலேயே அள்ளினார்கள். எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், கட்டுமரத்தில் போன ஆள். அவர் பார்த்துவிட்டு, "ஏட்டி, அஞ்சாளை இப்படி மேல வரப்பிடாது. அடித்தண்ணி கெட்டுப் போச்சு பாத்துக்கோ" என்றார். நான் ஓடிப் போய்க் கூண்டைப் பார்த்தேன். பகலெல்லாம் அடியில் ஒண்டிக் கிடக்கும் சிங்கிகள் மேல்வலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கின. மீசைகள் வலைக்கண் வழியாகத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கி இப்படி மொத்தமாக மேலே ஏறினால் அடியில் மூச்சு விட ஆக்சிஜன் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் எலாண்ட்ஸ் விரிகுடா என்று ஓர் இடம். அங்கே 1997இல் கடலில் பாசி பெருகி அழுகி ஆக்சிஜன் இல்லாமல் போனதில், சுமார் 2,000 டன் சிங்கி தானாகவே கரைக்கு ஏறி வந்து செத்தது. கடலில் சுதந்திரமாகத் திரிகிற சிங்கிகளே அப்படிக் கரையேறுகின்றன என்றால், வலைக்குள் இருப்பது மேல்வலையைத்தான் பிடிக்க முடியும். அதைப் பார்த்தபின் உங்களுக்கு ஒரு சில மணி நேரம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் விலை பேசாதீர்கள், யாருடைய வண்டிக்கும் காத்திருக்காதீர்கள். கூண்டைக் கரைக்கு இழுத்து, சிங்கியை ஈரச் சாக்கில் போட்டு நிழலில் வையுங்கள். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் சிங்கி தண்ணீர் இல்லாமலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும், அப்படித்தானே பெட்டியில் அடைத்து விமானம் ஏற்றுகிறார்கள். கெட்ட தண்ணீருக்குள் இருப்பதைவிட வெளியே ஈரச் சாக்கில் இருப்பது அதற்கு நல்லது. இந்த ஒரு வரி அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் என் சிங்கியில் முக்கால்வாசி பிழைத்திருக்கும்.

நான் வியாபாரிக்குப் போன் போட்டேன். "காலைல வண்டி வருது, அதுவரைக்கும் தண்ணிக்குள்ளயே இருக்கட்டும், வெளிய எடுத்தா செத்துரும்" என்றார். சிங்கி நீரில் வாழும் உயிர், தண்ணீரிலேயே இருக்கட்டும் என்பது கேட்கிற யாருக்கும் நியாயமாகத்தான் படும். ராத்திரி முழுக்கக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். பச்சைத் தண்ணீர் ராத்திரியில்தான் அதிகம் கொல்லும். பகலில் வெயில் இருக்கும்போது பாசி கொஞ்சம் ஆக்சிஜன் விடும். இருட்டியதும் அதுவும் மற்ற உயிர்களோடு சேர்ந்து ஆக்சிஜனைத் தின்னத் தொடங்கும். விடியலுக்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். இறால் பண்ணைக்காரர்கள் அதிகாலையில் எழுந்து தண்ணீர் சோதிப்பதும் இதற்காகத்தான்.

விடிந்து கூண்டைத் தூக்கினோம். உயிருள்ள சிங்கியைப் பிடித்துத் தூக்கினால் வாலைச் சட் சட்டென்று அடிக்கும், கை வலிக்கும். அன்றைக்கு எடுத்தது எல்லாம் வால் தொங்கியபடி வந்தது. கண் மங்கியிருந்தது. காலைத் தொட்டால் கழன்றுகொண்டு வந்தது. நான்கு கூண்டிலும் சேர்த்து 230 கிலோ இருந்தது, அதில் 210 கிலோ போய்விட்டது. நான் வாங்கின சராசரி விலை கிலோ 1,700 ரூபாய். வண்டி வந்தது, உயிர் இல்லாததை எடுக்க மாட்டேன் என்று திரும்பியது. செத்த சிங்கியின் வால் சதையைக்கூட உடனே ஐஸில் போட்டால்தான் விலை. பொழுது ஏறிவிட்டதால் கொஞ்சத்தை மட்டும் வேறொருவர் பதினெட்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார், அதுவும் கடைசியாக, கண் முன்னால் செத்ததை மட்டும். மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்தோம். சொந்தக்காரர்கள் சிலர் சமைக்கக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. எப்போது செத்தது என்று தெரியாததை, பச்சைத் தண்ணீரில் ஊறியதை, பிள்ளைகள் தின்னக் கூடாது. நீங்களும் கொடுக்காதீர்கள். செத்ததைக் கூண்டுக்குள்ளேயோ கரைத் தண்ணீரிலேயோ விட்டுவிடவும் கூடாது, அது அழுகி மிச்சமிருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

அதற்கப்புறம் பல நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கடற்கரைப் பக்கம் போகவே கால் வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்ல முடியவில்லை. அவர் தூரத்தில் தனியாகக் கிடந்து உழைக்கிறார், இதைக் கேட்டு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். மாமியார்தான் ஒருநாள், "நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா" என்று போனைக் கையில் கொடுத்தார். சொன்னேன். வீட்டுக்காரர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "உசுரு போகல்லல்லா, விடு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. தனியாகச் சுமப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். பணத்தைவிட அந்த நாட்கள் என்னை அதிகமாகத் தின்றன.

பண விஷயத்தில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மீனவருக்கு விபத்துக் காப்பீடு உண்டு, உயிரோ உறுப்போ போனால் பணம் வரும். புயலுக்கு நிவாரணம் உண்டு. கடல் பச்சை பிடித்துக் கூண்டில் சிங்கி செத்ததற்கு எந்தத் தாளிலும் இடம் இல்லை, நான் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள். வியாபாரி முன்பணத்தை உடனே கேட்டார். சரக்கு செத்தால் நட்டம் யாருடையது என்று நாங்கள் எழுதிக்கொள்ளவே இல்லை, இந்தத் தொழிலில் யாரும் எழுதிக்கொள்வதில்லை. கடைசியில் ஊர்க் கமிட்டியில் பேசி, அடுத்த பருவத்துச் சிங்கியில் கழித்துக்கொள்வதாக முடிந்தது. இப்போது முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடுகிறேன்: கடல் கெட்டுச் சரக்கு செத்தால் முன்பணம் தவணையில் கழியும், சிங்கி மேலே ஏறியது என்று சொன்னால் அன்று ராத்திரியே வண்டி வர வேண்டும், வராவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. இரண்டாவது, நகைக்கடனை ஆடி, ஆவணியில் திருப்பும்படி தவணை வைக்காதீர்கள். கைக்குப் பணம் வராத மாதம் அது. என் வளையலுக்கு ஏல நோட்டீஸ் வந்தது புரட்டாசியில். நாத்தனார் தன் சங்கிலியைக் கொடுத்து அதை நிறுத்தினார்.

என்ன நடந்தது என்று தெரியாமல் திரும்பத் தொழில் செய்ய எனக்கு மனசு இல்லை. தூத்துக்குடியில் மீன்வளம் படித்த சொந்தக்காரத் தம்பி ஒருவனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ராத்திரி மினுங்கும் அந்தப் பச்சைக்கு நாக்டிலூகா என்று பேராம். மண்டபம், பாம்பன் பக்கம் பூங்கோரை என்கிறார்கள். அது ஒற்றைச் செல் உயிர், அதற்குள்ளே இன்னொரு பச்சைப் பாசி குடியிருக்கும். நம் கடலின் பச்சை நிறம் அதனால்தான். ஆழத்துத் தண்ணீர் உரச்சத்தைக் கொண்டுவந்து கொட்டியபின் காற்று விழுந்து வெயிலும் அடித்தால் அது கணக்கில்லாமல் பெருகும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் இதே பாசி பெருகி, ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய், மீன்கள் மட்டுமல்ல, பவளப்பாறைகளே செத்தன. நல்ல கடல்தண்ணீரில் 6 மில்லிகிராம் அளவுக்கு இருக்க வேண்டும். இது பதிவாகி, ஆய்வாகி வெளிவந்த விஷயம். எங்கள் கரைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். ராமேசுவரத்தில் இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே உயிர்க்கோளக் காப்பகம் என்று 1989இலேயே அறிவித்தார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் எங்கள் ஊரும் இருக்கிறது.

கூண்டு இருந்த இடமும் ஒரு காரணம். தூண்டில் வளைவு அலையைத் தடுக்கிறது, கூடவே நீவாட்டையும், அதாவது கடல் நீரோட்டத்தையும், தடுக்கிறது. உள்ளே தண்ணீர் மாறுவதில்லை. கரையில் ஒதுங்கும் பாசி, மீன் கழிவு எல்லாம் அங்கேயே கிடந்து அழுகும். வெளியே இருந்து வந்த ஆக்சிஜன் குறைந்த தண்ணீரும் பூங்கோரையும் இந்த அழுகலும் மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் என் கூண்டுகள் நின்றன. வளைவுக்கு வெளியே அன்றைக்கு நாக்கு மீன் செத்து ஒதுங்கவில்லை, அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவர்களிடம் கேட்டால், பச்சைத் தண்ணீர் அந்தக் காலத்திலும் வந்தது, எப்போதாவது வரும் என்கிறார்கள். இப்போது காலம் தப்பி வருகிறது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். 1951இல் இருந்து 2015க்குள் இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி மேல்தண்ணீர் சராசரியாக 1 டிகிரி சூடேறியிருக்கிறது, உலகக் கடல்களின் சராசரியைவிட இது அதிகம். ஒரு டிகிரிதானே என்று கேட்பவர்கள் எங்கள் கரைக்கு வந்து பார்க்க வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அதே நேரம் சூட்டில் மீனுக்கும் சிங்கிக்கும் மூச்சுத் தேவை கூடும். 2010, 2016, 2024 என்று மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது கோடைச் சூட்டில்தான். சங்கு குளிக்கப் போகும் என் மாமா ஒருவர், "தரையில சுண்ணாம்பு கொட்டுன மாதிரி கெடந்துச்சு" என்றார். குட்டிச் சிங்கி ஒளிந்து வளர்வது பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறையின் இடுக்குகளில். பார் செத்து நொறுங்கினால் இன்னும் சில வருஷம் கழித்து நாங்கள் எடை போட எதுவும் இருக்காது. இந்தக் கவலை எனக்கு என் கடனைவிடப் பெரிது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன், உங்கள் கரைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டி, அடியில் இறக்கியபின் தக்கையை இழுத்துவிடுவேன். அடித்தண்ணீர் நிரம்பும். மேலே எடுத்ததும் வெப்பமானியை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவேன். எங்கள் கரையில் சித்திரையில் 30, 31 காட்டும், ஆடியில் 26 வரைக்கும் இறங்கும். இரண்டு மூன்று நாளில் மூன்று டிகிரி இறங்கினால் ஆழத்துத் தண்ணீர் கரைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். அப்போதே கூண்டில் பாதியைக் காலி செய்துவிடுவேன். இறால் பண்ணைக்காரர்கள் வாங்கும் கடைகளில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து ஆக்சிஜன் அளக்கும் பெட்டி கிடைக்கிறது. பாட்டில் நிரம்பும்போது காற்றுக் குமிழி கலப்பதால் அளவு கொஞ்சம் கூடத்தான் காட்டும். அப்படிக் கூட்டிக் காட்டியும் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவேன். அளப்பது விடியலுக்கு முன்னால் இருக்க வேண்டும், மத்தியானம் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

கச்சான் விழுந்ததில் இருந்து புரட்டாசி பாதி வரைக்கும் வளைவின் உள்பக்கம் நான் எதையும் நிறுத்துவதில்லை. வீட்டு முற்றத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் போட்டிருக்கிறேன். ஓடு உரித்தது மட்டும் அதில் இருக்கும். நல்ல சிங்கி வந்த அன்றே போய்விடும், விலை குறைவாக இருந்தாலும் சரி. மற்ற மாதங்களில் ஒரு கூண்டில் முன்பு போட்டதில் பாதிதான் போடுகிறேன். ஹைதராபாதில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல் மேல்வெப்பம், பாசி பெருக்கம் எல்லாம் செயற்கைக்கோளில் பார்த்துச் சொல்கிறது. பாசி அடிக்கடி பெருகும் இடங்களில் ஒன்றாக மன்னார் வளைகுடாவையே குறித்து வைத்திருக்கிறார்கள். காற்று, அலை விவரத்துக்கு மீனவர் நண்பன் என்ற செயலி தமிழிலேயே இருக்கிறது. மேகம் மூடிய நாட்களில் செயற்கைக்கோளுக்குக் கடல் நிறம் தெரியாது, கரையோரத்து ஒரு சின்ன வளைவுக்குள் நடப்பதும் அதில் சரியாகத் தெரியாது. அதனால் நோட்டையும் பாட்டிலையும் விட முடியாது.

இந்தப் பழக்கம் எனக்கு 2023 டிசம்பரில் கைகொடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் நம்பியாறும் கரை புரண்டு கடலுக்குள் செந்தண்ணீராக இறங்கியது. உப்பு குறைந்த தண்ணீரைச் சிங்கி தாங்காது. மழை எச்சரிக்கை வந்ததுமே கூண்டைத் தூக்கி, கைக்கு வந்த விலைக்கு விற்றுவிட்டேன். 2024 ஈஸ்டர் அன்று கேரளக் கரையில் கள்ளக்கடல் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. தூரத்துத் தெற்குக் கடலில் எழும்பி வரும் அலை அது, இங்கே காற்று அசையாமல் இருக்கும்போதே ஏறிவிடும், அடி மணலை எல்லாம் கிளப்பிக் கூண்டுக்குள் அப்பும். அதற்கும் முன்கூட்டியே எச்சரிக்கை வருகிறது, வந்தால் கூண்டு கரையில்தான்.

கடைசியாக ஒரு வேலை, இதைத் தயவுசெய்து செய்யுங்கள். உங்கள் கரையில் தண்ணீர் நிறம் மாறினால் உடனே ஒரு சுத்தமான பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்து வெயில் படாமல் குளிர்ச்சியாக வையுங்கள், அன்றைக்கே மீன்வளத் துறை அலுவலகத்திலோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ கொடுக்கப் பாருங்கள். இரண்டு நாள் விட்டால் பாசி செத்துக் கரைந்துவிடும், அப்புறம் என்ன வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நிறம், நாற்றம், எந்த இடம், எத்தனை மணி, அஞ்சாளை மேலே வந்ததா, ராத்திரி மினுங்கியதா என்று போனில் படத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பக்கத்து ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். யார் கரையில் முதலில் பச்சை தெரிந்தாலும் அவர்கள் ஒரு குரல் பதிவு போட்டுவிட வேண்டும், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் சரி. கேட்டவர்கள் மற்ற வேலையை விட்டுவிட்டுக் கூண்டை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.